வீட்டில் மல்டிடச் மேசை செய்ய எந்த இன்ஃப்ராரெட் எல்.இ.டி. வாங்கலாம்?

ஒரே நேரத்தில் பல விரல் தொடுதலைப் புரிந்துகொள்ளும் மேசைக்கு, அலைநீளம் 850 நானோமீட்டரா 940ஆ, எதில் வெளிச்சம் அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா எது என்று மட்டும் சொல்லவில்லை. பழைய வெப்கேம் ஒன்று கையில் இருக்கிறது, 10 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டின் ஓரத்தில் எல்.இ.டி. வரிசை வைத்து, உள்ளே சிக்கிய வெளிச்சம் விரல் பட்ட இடத்தில் மட்டும் வெளியே சிதறி, கீழேயிருக்கும் கேமராவுக்கு மின்னும்படி செய்யப்போகிறீர்கள் (2006இல் டெட் (TED) உரை மேடையில் ஜெஃப் ஹான் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினாரே, அது) என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் 850. வெப்கேமில் இருப்பது சிலிக்கான் சென்சார். 850இலேயே அதற்குப் பார்வை மங்கல், 940க்குப் போனால் இன்னும் மோசம். காற்றிலுள்ள நீராவி 940ஐ விழுங்கிவிடுவதால் வெயிலில் அது குறைவு, ஆகவே ஜன்னலோர மேசைக்கு அதுதான் சரி என்று யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலுக்குத் திரை போட்டால் தீரும் விஷயத்துக்குக் கேமராவைக் குருடாக்குவானேன்?

கல்லூரி கடைசி வருடத்தில் நான் இதைச் செய்தபோது எல்.இ.டி. வாங்கத்தான் படாதபாடு பட்டேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் "850 இருக்காண்ணே" என்றால், "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, ரிமோட்டுக்குப் போடுறதுதான்" என்று ஒரு கை அள்ளிப் போட்டார். ரிமோட்டுக்குப் போடுவது என்றாலே பெரும்பாலும் 940. அதோடு கறுப்பாக ஒன்றையும் ஜோடி சேர்த்துக் கொடுத்தார், அது வெளிச்சத்தை வாங்குகிற ஆள், விடுகிற ஆள் இல்லை. நல்லவேளையாக ரெண்டு பென்சில் பேட்டரி போட்ட ஹோல்டரும் 33 ஓம் ரெசிஸ்டரும் பையில் வைத்திருந்தேன். எல்.இ.டி.யை மாட்டி, உள்ளங்கையைக் குவித்து இருட்டாக்கி, சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் பாருங்கள்: 850 என்றால் உள்ளே சிப் மட்டும் அணையப்போகிற ஊதுபத்தி முனை போல மங்கிய சிவப்பில் தெரியும், 940 என்றால் ஒன்றுமே தெரியாது. மொபைல் கேமராவை வைத்துச் சோதித்தால் எரிகிறதா இல்லையா என்பது தெரியும், எந்த அலைநீளம் என்பது தெரியாது. அதுவும் பின்பக்க கேமராவை நம்பவேண்டாம், பலவற்றில் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும். முன்பக்கத்தில் பாருங்கள். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார், பார்க்கட்டும்.

அடுத்தது கோணம், அதாவது எல்.இ.டி.யின் வெளிச்சம் எவ்வளவு விரிந்து பரவுகிறது என்பது. குறுகலான கற்றை இருந்தால்தான் வெளிச்சம் அக்ரிலிக்குக்குள் சிக்கும் என்று நிறைய பேர் எழுதுகிறார்கள், தவறு. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.49. பளபளப்பான தட்டை ஓரத்தின் வழியாக எந்தக் கோணத்தில் நுழைந்தாலும் உள்ளே (பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால்) 42 டிகிரிக்குள் மடங்கிவிடும், அப்புறம் மேல் கீழ் பரப்புகளில் 48 டிகிரிக்குக் குறையாமல் மோதும், வெளிச்சம் வெளியேறாமல் உள்ளேயே திரும்பும் முழு எதிரொளிப்புக்கு 42 தாண்டினாலே போதும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள். ±3 டிகிரி ரகம் வாங்கினால் ஓரத்தில் கோடு கோடாக விழும், ±40 என்றால் கொஞ்சம் வெளிச்சம் ஓரத்தைத் தவறவிட்டு வெளியே கசியும். ±20 பக்கம் இருந்தால் நிம்மதி. ஓரத்தை வாட்டர் பேப்பர் போட்டு, கடைசியில் பிராஸோ வைத்துத் தேய்த்தே ஆகவேண்டும், அதைச் செய்யாமல் எல்.இ.டி.யைக் குறை சொல்லாதீர்கள்.

"இன்றைக்கு டச் ஃபிரேம் ரெடிமேடாகவே கிடைக்கிறதே, இதெல்லாம் எதற்கு" என்று கமெண்ட் போடப்போகிறவர்களுக்கு: கேட்டவர் செய்யத்தான் கேட்கிறார், வாங்க இல்லை.

ரெடிமேட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. என் வகுப்பில் பாதி பேர் புராஜெக்டை சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள், ஸ்பைரல் பைண்டிங் உட்பட. வைவாவில் அவர்களுக்கெல்லாம் என்னைவிட அதிக மார்க், ஏனென்றால் அவர்களுடையது பெட்டிக்குள் அழகாக இருந்தது, என்னுடையதில் ஒயர் தெரிந்தது. அந்த மேசையைக் கல்லூரியே வைத்துக்கொண்டு துறையின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி கண்காட்சிக்குக் கொண்டுபோனது. என் பெயரை எங்கேயும் போடவில்லை. பிறகு துறைத்தலைவர் அறையில் அதன்மேல் ஃபிளாஸ்க்கும் டம்ளரும் இருந்ததாக ஜூனியர் ஒருவன் சொன்னான். சரி, விடுங்கள்.

வயரிங்: 12 வோல்ட்டுக்கு ஆறு எல்.இ.டி. ஒரு தொடரில், கூடவே 47 ஓம், அரை வாட் ரெசிஸ்டர். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 1.5 வோல்ட் போக 65 மில்லி ஆம்பியர் பக்கம் ஓடும், 100 தாங்கும் ரகத்துக்கு இது பத்திரம். எட்டைத் தொடராகப் போட்டால் 12உம் அதிலேயே தீர்ந்துவிடும், ரெசிஸ்டருக்கு மிச்சமே இராது. ஒன்றுக்கொன்று ஒரு இஞ்ச் இடைவெளி விடுங்கள்.

கேமராவுக்குள் லென்ஸின் பின்னால் இன்ஃப்ராரெட்டைத் தடுக்க இருக்கும் சின்னக் கண்ணாடி ஃபில்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கலர் நெகட்டிவின் கருத்துப்போன முனையை வெட்டி வையுங்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்து இன்ஃப்ராரெட்டை விடும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் வேலைக்கு ஆகாது, அதில் வெள்ளி இருக்கிறது. பழைய ஸ்டுடியோக்காரர் யாராவது இருந்தால் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார். ஃபில்டரைக் கழற்ற முடியாத வெப்கேம் என்றால் எல்.இ.டி.க்கே செலவு செய்யாதீர்கள். மாடல் எண்ணைக் கமெண்டில் போடுங்கள், தெரிந்தால் சொல்கிறேன்.