ஜப்பான் திட்டத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய தெருவில் 48 வீடுகள் உள்ள குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். ஜப்பான், நியூசிலாந்து போன்ற நாடுகளில் பேரிடர்த் திட்டத்தை அந்தந்தப் பகுதி மக்களே வகுக்கிறார்களாம். அதே பாணியில் எங்களுக்கும் திட்டம் எழுதி, சான்றிதழும் தருவதாக ஓர் ஆலோசகர் 1.75 லட்சம் ரூபாய் கேட்கிறார். மழைக்காலத்துக்கு முன் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சான்றிதழைக் காட்டினால் மீட்புப் படகு முதலில் உங்கள் தெருவுக்கு வரும் என்று அவர் சொல்லியிருந்தால், அது கலப்படமில்லாத பொய்.

இப்படிப்பட்ட கோப்புகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றுக்கு எழுதிய திட்டத்தில் நிலச்சரிவுக்கு நான்கு பக்கம் இருந்தது. ஏதோ மலையூருக்குத் தயாரித்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் அதையும் மறந்துவிட்டார்கள். கெட்டி அட்டை, பளபளப்பான தாள், முதல் பக்கத்தில் தலைவருக்கு வாழ்த்து.

ஜப்பானில் உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். 1995 ஜனவரி 17 விடிகாலையில் கோபே பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் மையத்துக்கு அருகே அவாஜித் தீவில் ஹொகுதான் என்ற சிற்றூர். எந்த வீட்டில் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பதுகூட அங்கிருந்த தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தெரியும். வீடு சரிந்து கிடந்தாலும் படுக்கை இருந்த மூலையைக் குறிவைத்துத் தோண்டினார்கள். அன்று மாலைக்குள் அங்கே தேடுவதற்கு யாரும் மிச்சமில்லை. இந்த அறிவை எந்த ஆலோசகர் விற்பார்?

உங்களுக்கு வேண்டியது ஒரு நீள நோட்டு. எந்த வீட்டில் யார் படிக்கட்டு இறங்க முடியாதவர், யாருக்கு ஆக்சிஜன் இயந்திரம், யாருக்கு டயாலிசிஸ், கர்ப்பிணி யார் என்று எழுதுங்கள். சங்கத்தின் பதிவேட்டை அப்படியே பிரதி எடுத்தால் போதாது. அதில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும், வாடகைக்கு இருப்பவர் இருக்கமாட்டார். தரைத்தளத்து அறையில் மனைவி, குழந்தையோடு தங்கியிருக்கும் வாட்ச்மேன் நிச்சயம் இருக்கமாட்டார். தண்ணீர் முதலில் நுழைவது அவர் அறைக்குள்தான்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. உதவி தேவைப்படுவோரின் பட்டியலை நகராட்சிகள் வைத்திருக்க வேண்டும் என்று ஜப்பான் 2013-இல் சட்டம் திருத்தியது. அங்கும் சாதாரண நாளில் அக்கம்பக்கத்துக் குழுவிடம் அதைக் கொடுக்க, பொதுவாக அந்தந்த நபரின் சம்மதம் வேண்டும். உயிருக்கு ஆபத்து வந்துவிட்டால் சம்மதத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நீங்களும் அப்படியே வையுங்கள்: ஒரு காகிதப் பிரதி, மூடிய உறை, இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் மேல் தளத்துக்காரராக இருக்கட்டும். சம்மதிக்காதவரை வற்புறுத்தாதீர்கள்; கதவு எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் போட்டால், மறுநாளே வீட்டு நர்ஸ் அனுப்பும் ஏஜெண்டும் மருத்துவக் கருவி விற்பவரும் அந்த முதியவரை அழைப்பார்கள். இதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஜப்பானைவிட உங்களுக்கு நெருக்கமான பாடம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. மணிலாவை ஒட்டிய மரிகினா நகரின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. நீர்மட்டம் 15 மீட்டரைத் தொட்டால் முதல் சங்கு, தயாராக வேண்டும். 16-இல் கிளம்ப வேண்டும். 18 என்றால் கட்டாய வெளியேற்றம். எண்ணும் செயலும் முன்பே முடிச்சுப் போடப்பட்டவை. ‘இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தபோது, அந்த எண்ணுக்குத் தன் வாசலில் என்ன அர்த்தம் என்று கரையோரத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்தது?

ஆகவே தெருமுனைச் சுவரில் மூன்று கோடு வரையுங்கள். முதல் கோட்டில் வண்டிகளை மேட்டுக்கு எடுப்பது, மோட்டார் இணைப்பைத் துண்டிப்பது. இரண்டாவதில் நோட்டில் உள்ளவர்களையும் வாட்ச்மேன் குடும்பத்தையும் மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்புவது. மூன்றாவதில் எல்லோரும். 2015-இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பழைய குடித்தனக்காரர்களைக் கேட்டால் உயரம் தெரிந்துவிடும்.

நியூசிலாந்தின் வெலிங்டனில் அவசரகால மையங்களை அக்கம்பக்கத்தார் தாங்களே திறந்து நடத்துகிறார்கள், பெரும்பாலும் பள்ளிகள்தான். அதிகாரி வரும்வரை காத்திருக்காமல் யார் என்ன வேலை செய்வது என்ற வழிகாட்டியும் தயாராக இருக்கும். சான்பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்துக்குப் பிறகு தீயணைப்புத் துறையே மக்களுக்கு இலவசமாகப் பயிற்சி அளிக்கிறது. நம் நாட்டிலும் ‘ஆப்த மித்ரா’ என்று தன்னார்வலர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி தரும் அரசுத் திட்டம் உண்டு. அதற்கு யாராவது கட்டணம் கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். ‘வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா’ என்று அடுத்த அழைப்பு வரும். அதற்கும் இதே பதில்தான்.

பிலிப்பைன்ஸின் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சிகள் வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடருக்கு ஒதுக்க வேண்டும். நம்மூரிலோ வார்டு மக்களுக்கான பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது, தேநீர் வருகிறது, புகைப்படம் எடுக்கிறார்கள். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குச் சொன்ன புகார், அடைப்பு அப்படியே இருக்க, ‘சரிசெய்யப்பட்டது’ என்று முடிந்துபோவதை நானே பார்த்து அலுத்துவிட்டேன். ஆனாலும் கூட்டத்துக்குப் போங்கள். மூன்று கோட்டின் உயரத்தையும், படிக்கட்டு இறங்க முடியாதவர்களின் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்து, பிரதியில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். எண்ணிக்கை மட்டும், பெயர்கள் வேண்டாம்.

ஆலோசகரிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். அக்டோபர் பிறப்பதற்குள் சுவரில் பெயிண்ட் காய்ந்திருக்க வேண்டும்.