ஒன்பதாம் மாதத்து ஜிபிஎஸ் பரிசோதனை: செவிலியர் அக்காவிடம் கேளுங்கள்

கும்பகோணத்திலிருந்து: அக்கா, 36 வாரம். ஜிபிஎஸ் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. "எங்கே போய் ஒட்டிக்கொண்டு வந்தாய்?" என்கிறார் மாமியார்.

எங்கேயும் போய் ஒட்டவில்லைம்மா. ஜிபிஎஸ், அதாவது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இந்தக் கிருமி, குடலிலும் பிறப்புறுப்பிலும் சத்தமில்லாமல் குடியிருப்பது. உலக அளவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு உண்டு. சுத்தக் குறைவும் இல்லை, பால்வினை நோயும் இல்லை. பிறக்கும்போது குழந்தைக்குத் தொற்றினால்தான் கவலை. மருந்து கொடுக்காவிட்டால், இந்தக் கிருமி உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஒன்றிரண்டுக்கு ரத்தத்திலோ நுரையீரலிலோ நோயாக மாறும், அதுவும் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். அதைத் தடுக்க மருந்து இருக்கிறது.

மன்னார்குடியிலிருந்து: இப்போதே மாத்திரை போட்டு ஒழித்துவிடலாமே?

பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடலாம். வலி எடுத்த பிறகு, அல்லது பனிக்குடம் உடைந்ததும், பெனிசிலினை நரம்பில் ஏற்றி, குழந்தை பிறக்கும்வரை 4 மணிக்கொரு தரம் கொடுப்பதுதான் வழி. முதல் ஊசிக்கும் பிறப்புக்கும் நடுவில் 4 மணி நேரமாவது வேண்டும். அதனால் "நல்லா வலி எடுக்கட்டும், அப்புறம் போகலாம்" என்று பெரியவர்கள் சொன்னால் கேட்காதீர்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து உண்டு.

பாபநாசத்திலிருந்து: டெஸ்ட் வலிக்குமா?

வலிக்காது. பஞ்சுக் குச்சியால் பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் தடவி எடுப்பார்கள், ஒரு நிமிட வேலை. 36, 37 வாரத்தில் எடுத்தால் 5 வாரம் செல்லும். இங்கே எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாக எடுப்பதில்லை, நீங்களே கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: சிசேரியனுக்கு நாள் குறித்தாயிற்று.

வலியும் வராமல் பனிக்குடமும் உடையாமல் இருந்தால் இந்த மருந்து தேவையில்லை.

திருவாரூரிலிருந்து: சென்னையில் டெஸ்ட் எடுத்தேன். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன்.

ரிசல்ட் காகிதம் எங்கே? இதை அழுத்திக் கேட்கிறேன். ஒரு ராத்திரி பனிக்குடம் உடைந்து ஒரு பெண் வந்தாள். வளையல் அடுக்கியிருந்த கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ கிருமின்னு சொன்னாங்க சிஸ்டர், ரிசல்ட் அவர் வீட்டு பீரோவில் இருக்கு" என்றாள். போன் போட்டுத் தேடச் சொல்லி, படம் வந்து சேர முக்கால் மணி நேரம் போனது. ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் அம்மா போனிலும் வையுங்கள். தாளைத் தாய் சேய் நல அட்டைக்குள் செருகுங்கள். பிரசவ வார்டு வாசலிலேயே, யாரும் கேட்பதற்கு முன், "எனக்கு ஜிபிஎஸ் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள்.