மூன்று மைவிக்கு ஒரு பென்ஸ் வருமா?

2025 தீபாவளிக்குப் பிறகு செந்தூல் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “அண்ணே, தீபாவளி விருந்துக்கு வந்த அக்கா பிள்ளைகளிடம் ஒரு யோசனை சொன்னேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் லேக்கர்ஸ் அணி ரூயி ஹச்சிமுரா, கேப் வின்சென்ட், மேக்ஸி க்ளீபர் மூவரையும், 2028-இன் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையும் (லீக்குக்கு வரும் புது ஆட்டக்காரரை எடுக்கும் முறை) கொடுத்துவிட்டு மில்வாக்கி அணியிடமிருந்து நட்சத்திர ஆட்டக்காரர் யானிஸ் அண்டெட்டொகும்போவை வாங்கலாம் என்றேன். முறுக்குத் தட்டு கவிழும் அளவுக்குச் சிரித்தார்கள். மூன்று ஆட்டக்காரர்களோடு ஒரு தேர்வும் கொடுக்கிறேன், இதில் என்ன குறை? இப்படி ஆள் மாற்றிக்கொள்ளும் ஒரு டிரேட் நடக்குமா நடக்காதா என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?”

சிரித்தது தப்பு. ஆனால் பிள்ளைகள் சொன்னது சரி.

நான் பகலில் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பந்தைவிடப் பேரேடுதான் அதிகம் உதவும். என்பிஏ-வில் கைமாறுவது ஆளைவிட முக்கியமாக அவருடைய ஒப்பந்தம். எத்தனை மில்லியன், இன்னும் எத்தனை வருடம், யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அவரோடு சேர்ந்தே போகும்.

முதலில் பணம். 2025-26 பருவத்துக்குச் சம்பள வரம்பு சுமார் 154.6 மில்லியன் டாலர். பெரும்பாலான அணிகள் அதைத் தாண்டித்தான் நிற்கின்றன. தாண்டிய அணி ஒருவரை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் ஏறக்குறைய அதே அளவு சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். வரம்புக்கு மேலே ‘ஏப்ரன்’ என்று இரண்டு கோடுகள் வேறு உண்டு. முதல் கோடு சுமார் 195.9 மில்லியன், இரண்டாவது 207.8. முதல் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கொஞ்சம் சலுகை கிடைக்கும். பெரிய சம்பளமாக இருந்தால், அனுப்புவதில் 125 சதவீதமும் அதோடு கால் மில்லியனும் வரை திரும்ப வாங்கலாம். அந்தக் கோட்டைத் தாண்டினால் அனுப்பியதைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. இரண்டாவது கோட்டையும் தாண்டிய அணி இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளுக்கு ஈடாகக் காட்டவே முடியாது. லேக்கர்ஸ் அந்தப் பருவத்தில் முதல் கோட்டுக்கு ஒட்டினாற்போல் நின்ற அணி. அதனால் சலுகையை மறந்துவிடுங்கள், சரிக்குச் சரி வர வேண்டும்.

மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டே பில்லின் பின்பக்கத்தில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஹச்சிமுரா 18.3 மில்லியன், வின்சென்ட் 11.5, க்ளீபர் 11. கூட்டினால் 40.8. யானிஸ் 54.1. பதின்மூன்று மில்லியனுக்கு மேல் துண்டு விழுகிறது. உங்கள் யோசனை இங்கேயே நின்றுவிடுகிறது.

சரி, துண்டை அடைக்க முடியுமா? முடியும். அந்தப் பருவத்தில் லேக்கர்ஸில் 13.9 மில்லியன் வாங்கிய ஆஸ்டின் ரீவ்ஸையும் சேர்த்தால் 54.7 ஆகிவிடும். கணக்கு நேராகும். ஆனால் நாலு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்குகிறீர்கள். ஓர் அணியில் வழக்கமான ஒப்பந்தக்காரர்கள் 15 பேருக்கு மேல் இருக்க முடியாது. மில்வாக்கி மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினால்தான் உங்கள் நால்வருக்கும் இடம். மைவி மாதிரிச் சின்னக் கார்கள் மூன்றைக் கொண்டுபோய் நிறுத்தி ஒரு பென்ஸ் கேட்டால், விலை இருக்கட்டும், அந்த மனிதர் முதலில் தன் வீட்டு வாசலைத்தான் திரும்பிப் பார்ப்பார். டிரேட்களில் மூன்றாவது அணி ஒன்று நுழைவதற்கு அடிக்கடி இதுதான் காரணம். மிஞ்சுகிற மைவியை நிறுத்த ஓர் இடம் வேண்டாமா?

அப்புறம் அந்த 2028 தேர்வு. 2025-26 பருவத்தில் அதை லேக்கர்ஸ் கொடுக்க விதியே இடம் தரவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் எதிர்காலத் தேர்வுகளைக் கண்டபடி வாரி இறைத்தார். அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அவர் பெயரிலேயே வழங்குகிறது. அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் முதல் சுற்றில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் நிலை வரக்கூடாது என்பதுதான் அது. லேக்கர்ஸ் தன் 2027 தேர்வை 2023-லேயே யூட்டாவுக்கு எழுதிக்கொடுத்தாயிற்று, 2029 டாலஸுக்குப் போயிற்று. இடையில் மாட்டிய 2028-ஐத் தொட முடியாது. இரண்டு பக்கத்தில் நிற்கும் 2026-ம் 2030-ம் அப்படியே. ஏழு வருடங்களுக்கு அப்பால் எட்டிப் பார்க்கவும் அனுமதி இல்லை. அப்போது மிஞ்சியது 2031, 2032. அவையும் அடுத்தடுத்த வருடங்கள் என்பதால் ஏதாவது ஒன்றுதான். வாரிசுச் சொத்து நிறைய இருப்பதுபோல் தெரியும், பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மூலை நிலம்.

கோடையில் புதிதாக ஒப்பந்தம் போட்டவர்களை டிசம்பர் 15 வரை பொதுவாகத் தொட முடியாது. அதனால் 2025 கோடையில் லேக்கர்ஸில் சேர்ந்த டியாண்ட்ரே ஏய்ட்டனை அந்த டிசம்பர் 15-க்கு முன் யோசனையில் சேர்த்திருக்க முடியாது. லேக்கர்ஸின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸைக் கொடுத்திருக்கலாமே என்று உங்கள் அக்கா பிள்ளை யாராவது சொன்னால், அவருடைய 2025-26 ஒப்பந்தத்தில் மறுப்புரிமை இருந்தது என்று சொல்லி வாயை அடையுங்கள். அவர் சம்மதிக்காமல் எங்கும் அனுப்பியிருக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் விதி. விதியை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். இஎஸ்பிஎன் தளத்தில் ‘டிரேட் மெஷின்’ இருக்கிறது, பெயர்களைத் தட்டினால் சம்பளக் கணக்கு சரியா தப்பா என்று சொல்லிவிடும். அது பச்சை காட்டியதும் பலர் யோசனை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எதிர் அணிக்காரர் ஏன் தலையாட்ட வேண்டும் என்று அது சொல்லாது.

இதில் நானே ஒரு நாசி கண்டார் சாப்பாட்டைத் தோற்றிருக்கிறேன். 2023 கோடையில் டேமியன் லில்லார்ட் போர்ட்லாந்தை விட்டு மயாமிக்குத்தான் போவேன் என்று நின்றார். ஆட்டக்காரர் விருப்பம்தானே நடக்கும் என்று நண்பரிடம் பந்தயம் கட்டினேன். மயாமி கொடுக்க நினைத்ததில் போர்ட்லாந்துக்குத் தேவையானது எதுவும் இல்லை. செப்டம்பர் மாதக் கடைசியில் அவர் மில்வாக்கிக்குப் போனார். போர்ட்லாந்து வாங்கியதில் மில்வாக்கியின் 2029 முதல் சுற்றுத் தேர்வும், 2028-இலும் 2030-இலும் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அடக்கம்.

இப்போது அதே மில்வாக்கியின் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் யோசனையைப் படியுங்கள். லில்லார்டுக்கு 2025 ஏப்ரலில் குதிகால் நாண் அறுந்தது. ஜூலையில் அவரை விடுவித்து, மிச்சச் சம்பளத்தை ஐந்து வருடங்களுக்குப் பரப்பினார்கள். ஆடாத ஆளுக்கு வருடம் சுமார் 22.5 மில்லியன். யானிஸ் போனால் அணி சரியும். சாதாரணமாகச் சரிந்த அணிக்கு நல்ல டிராஃப்ட் இடம் ஆறுதல். இவர்களுக்கோ 2028-ம் 2030-ம் மோசமாகப் போனால், போர்ட்லாந்து தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நல்ல இடத்தை எடுத்துக்கொள்ளும். 2029 முழுசாக அங்கேயே போகிறது. ஆக அவர்களுக்கு வேண்டியது தேர்வுகளும் இளம் ஆட்டக்காரர்களும். நீங்கள் நீட்டுவது என்ன? ஹச்சிமுரா, வின்சென்ட், க்ளீபர் மூவருக்கும் ஒப்பந்தம் 2026 கோடையோடு முடிவதாக இருந்தது. ரீவ்ஸும் விரும்பினால் அப்போதே வெளியேறலாம் என்றிருந்தது. யானிஸைக் கொடுத்துவிட்டு எட்டே மாதத்தில் மில்வாக்கி கையில் ஒரு 2031 தேர்வு மட்டும் மிஞ்சக்கூடும். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த மேலாளர் ஊருக்குள் நடமாட முடியுமா?

“அப்படியானால் டாலஸ் தன் நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்கு எப்படிக் கொடுத்தது?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2025 பிப்ரவரி 2, சீனப் புத்தாண்டின் ஐந்தாம் நாள், நம் ஊர் நேரப்படி மதியம் ஒரு மணி சுமாருக்குச் செய்தி வந்தபோது, நிருபரின் சமூக ஊடகக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். பணம் கச்சிதமாகப் பொருந்தியது. லூக்காவுக்கு 43.0, ஈடாகப் போன ஆண்டனி டேவிஸுக்கு 43.2. டாலஸுக்கும் ஒரு காரணம் இருந்தது. சில மாதங்களில் லூக்காவுக்குச் சுமார் 345 மில்லியன் ஒப்பந்தம் நீட்ட வேண்டிவரும், அதற்கு அவர்களுக்கு மனம் இல்லை. காரணம் சரியா என்பது வேறு விஷயம். அந்த முடிவை எடுத்த டாலஸ் மேலாளர் நிகோ ஹாரிசனை அதே வருடம் நவம்பர் 11-ஆம் தேதி வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதிசயம் ஒருமுறை நடந்தது என்பதற்காக அதை வைத்து விலை பேசாதீர்கள்.

எல்லாம் பேசி முடித்தாலும் மருத்துவப் பரிசோதனை என்று ஒன்று பாக்கி இருக்கும். அதே 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ், மார்க் வில்லியம்ஸை வாங்க டால்டன் கனெக்டையும் கேம் ரெடிஷையும் 2031 தேர்வையும் ஷார்லட் அணிக்குக் கொடுத்தது. பரிசோதனையில் திருப்தி இல்லாமல் சில நாளில் எல்லாம் ரத்து. மேலே சொன்ன 2031 தேர்வு 2025 கடைசியிலும் லேக்கர்ஸ் கையில் இருந்தது அதனால்தான்.

உங்களுக்கு நான் சொல்வது, யானிஸை விட்டுவிட்டு சின்னதாகத் தொடங்குங்கள். 2025-26 கணக்கில் வின்சென்டின் 11.5, கனெக்டின் 4, ஆக 15.5. அதற்குள் சம்பளம் வாங்கும், தடுப்பாட்டம் நன்றாகத் தெரிந்த, உயரமான ஒருவரைத் தேடுங்கள். அவர் அணி அந்தப் பருவம் தோற்றுக்கொண்டிருக்க வேண்டும், அவருக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஒப்பந்தம் பாக்கி இருக்க வேண்டும். அந்த அணிக்குக் கோடையில் கை காலியாகும், ஓர் இளைஞரும் கிடைப்பார். எதிர்ப்பக்கம் ஏன் ஒப்புக்கொள்ளும் என்பதை முதல் வரியில் எழுதி, பெயர்களை அதற்குக் கீழே எழுதி அக்கா பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

அந்தப் பருவத்தில் டிரேட்களுக்குக் கெடு 2026 பிப்ரவரி 5, அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 3 மணி. நமக்கு அது 6-ஆம் தேதி விடியற்காலை 4 மணி, பத்துமலைத் தைப்பூசம் முடிந்த அதே வாரம். பிள்ளைகள் எப்படியும் விழித்திருப்பார்கள். அடுத்த யோசனை சொல்லும்போது முறுக்குத் தட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.