நீலத் தொட்டியா, லாரிக்காரரா?

கேள்வி: ஐயா, நான் இருப்பது ஜொகூர் பாருவில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பேட்டை). தம்பி குடும்பம் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் அடுக்குமாடியில். வீட்டுக்குக் கீழே பெரிய நீலத் தொட்டி இருக்கிறது, பழைய சாமானை அதில் போட்டால் வேலை முடிந்தது என்று பெருமையடிக்கிறான். எங்கள் தெருவில் இன்னும் லாரிக்காரர்தான் ஒலிபெருக்கியில் 'சூராட் காபார் லாமா' (பழைய பேப்பர்) என்று கூவிக்கொண்டு வருகிறார். மறுபயனீட்டில் எந்த ஊர் கெட்டி? (ஜொகூர் பாரு வாசகி)

பதில்: தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, என் ஓட்டு லாரிக்காரருக்குத்தான். நீலத் தொட்டியில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது என்று சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. மீந்துபோன சோற்றோடு டப்பா, உடைந்த பொம்மை, பாதி குடித்த பபிள் டீ, இதெல்லாம் உள்ளே போகிறது, அந்த டீ கவிழ்ந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல அட்டையும் சேர்ந்து பாழ். போட்டவர் யார் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் லாரிக்காரரிடம் நனைந்த பேப்பரைக் கொடுத்துப் பாருங்கள், முகத்துக்கு நேராக வேண்டாம் என்பார், ஏனென்றால் அவர் காசு கொடுத்து வாங்குகிறவர். தொட்டிக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

சிங்கப்பூரிலும் அப்படி ஓர் ஆள் உண்டு, காராங் கூனி. மலாயில் சாக்குப்பை என்று பொருள் (கூனி என்பதில் நம் கோணி கேட்கிறது, இல்லையா?). நான் ஈசூனில் வாடகைக்கு இருந்த காலத்தில் ஹாரன் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பாட்டி கட்டிவைத்த பேப்பரோடு வாசலுக்கு வந்துவிடுவார், கிடைக்கிற சில்லறை பெரிதில்லை, பேரம் பேசுவதுதான் முக்கியம். இப்போது அந்தத் தொழிலுக்கு இளைஞர்கள் வருவது அபூர்வம். பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் வேறு, குப்பைக் குழாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும், மூடியைத் திறந்து போட்டால் போயே போச்சு! அவ்வளவு வசதி கொடுத்துவிட்டு, கீழே இறங்கிப்போய்ப் பிரித்துப் போடுங்கள் என்றால் எத்தனை பேர் போவார்கள்? வீட்டுக் கழிவில் 2013இல் 20 விழுக்காடாக இருந்த மறுபயனீடு 2023இல் 12க்கு வந்துவிட்டது. அதே 2023இல் மலேசியாவின் தேசியக் கணக்கு 35ஐத் தாண்டியது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தம்பியிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கணக்கெடுக்கும் முறையே வேறு வேறு. சிங்கப்பூர் தொழிற்சாலை, கட்டுமான இடிபாடு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் அவர்களுக்கும் அந்த ஆண்டு 52 வருகிறது.

இரண்டு ஊரிலும் எனக்குப் பிடித்த ஒன்று சூச்சி. தைவானில் 1966இல் தொடங்கிய பௌத்த அறக்கட்டளை, 1990இலிருந்து மறுபயனீட்டு வேலையும் செய்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் குறிப்பிட்ட நாளில் தொண்டர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், பாதிப்பேர் தாத்தா பாட்டிகள். நாம் கொண்டுபோகிற பையை அவர்கள் கண்முன்னே பிரித்து, பாட்டில் ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் என்று கையாலேயே தரம் பிரிப்பார்கள். விற்று வருகிற காசு அறப்பணிக்கு. அறுபது எழுபது வயதுக்காரர் ஒருவர் குனிந்து பிரிக்கும்போது கழுவாத டப்பாவை நீட்ட நமக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் அங்கே பாதி வேலையைச் செய்கிறது.

கேள்வி: மலேசியாவில் குப்பையைப் பிரிக்கச் சட்டமே இருக்கிறதாமே? (அதே வாசகி)

பதில்: இருக்கிறது. 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே பிரித்துவைக்க வேண்டும், மீறினால் 1,000 ரிங்கிட் வரை அபராதம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுபயனீட்டுப் பொருளும் பெரிய சாமானும். உங்கள் ஜொகூர் அதற்குள் வருகிறது, சிலாங்கூரும் பினாங்கும் அந்தச் சட்டத்துக்குள் வராதவை. பினாங்கு தனக்கென்று 2016இல் ஒரு விதி போட்டுக்கொண்டது. நேர்மையாகச் சொல்லுங்கள், உங்கள் தெருவில் எத்தனை வீடு பிரிக்கிறது?

கேள்வி: வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத மின்விசிறி நின்றுவிட்டது. தூக்கிப்போட மனசில்லை. சிங்கப்பூரில் யாரிடம் கொடுப்பது? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: முதலில் ரிப்பேர் கோப்பித்தியாம், தொண்டர்கள் பழுதுபார்க்க உதவுகிற கூட்டம். 2014இல் தொடங்கினார்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளி பிடிக்க வேண்டும், வைத்துவிட்டுப் போய்விட்டு அப்புறம் வந்து வாங்கிக்கொள்கிற கடை இல்லை அது. பழைய மின்சாதனங்களைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்று 2021 ஜூலையில் ஓர் ஏற்பாடு வந்தது, ஆனால் தொடங்கியபோது அதன் பட்டியலில் குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, கைபேசி எல்லாம் இருந்தன, மின்விசிறி இல்லை. எப்படியும் முதலில் பழுதுபார்க்கப் பாருங்கள்.

ஓடுகிற விசிறியாக இருந்தால் முன்பு சுங்கை ரோடு திருட்டுச் சந்தைக்கு அனுப்பியிருப்பேன். வாடகை இல்லாமல் தரையில் துணி விரித்து விற்றார்கள், காராங் கூனி பொறுக்கிய பாதிச் சாமான் அங்கேதான் மறுபிறவி எடுத்தது. 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். குப்பை கொட்டுகிற செமாக்காவ் நிரப்புநிலம் 2035க்குள் நிரம்பிவிடும் என்று கவலைப்படுகிற ஊர், இருந்த ஒரே பெரிய பழஞ்சாமான் சந்தையை மூடியது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். இப்போது 'பிளெஸ்ஸிங்' என்று போட்டு இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், நல்லதுதான், வாங்க வருகிறேன் என்றவர் வராமல் இருப்பது தனிக்கதை. ஜொகூர் பாருவில் இரவில் பாசார் காராட் என்ற பழஞ்சாமான் சந்தை கூடுகிறது, காராட் என்றால் துரு. விசிறி ஓட ஆரம்பித்ததும் அங்கே ஒருமுறை போய் வாருங்கள், விற்க இல்லாவிட்டாலும் உதிரி றெக்கை தேட.