பிசினாறியில் பிசின் உண்டா?

அன்புள்ள ஐயா,

என் பாட்டி கருமிகளைப் 'பிசினாறி' என்றுதான் சொல்வார். காசு பிசின் போலக் கையில் ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர் என்று ஒரு பட்டிமன்றத்தில் கேட்டேன். சரிதானா? அப்படியென்றால் அந்த 'நாறி' எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. பிசின்+நாறி என்று பிரித்தால் புணர்ச்சி விதி ஒன்றும் கெடாது. வான்+நாடு வானாடு ஆவதுபோலத்தான். பொருள்தான் உதைக்கிறது. பீநாறி மரம் என்கிறோமே, அது வாடையால் வந்த பெயர். பணத்தை இறுக்கிப் பிடிப்பவன் மேல் பிசின் வாடை ஏன் அடிக்க வேண்டும்?

தெலுங்கு பேசுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் கருமி 'பிசினாரி'தான், இடையின ரகரம் போட்டு. 'பிசினிகொட்டு' என்றும் சொல்வார்கள். ஆனால் பிசினுக்கு அவர்களிடம் உள்ள சொற்கள் பங்க, ஜிகுரு. ஆக, ஒட்டுகிற கதைக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு மொழியும் கலந்து புழங்கிய ஊர்களில் நம் வாய்க்கு வந்த சொல் இது என்றே நினைக்கிறேன். வந்ததை றகரம் போட்டு எழுதினோம். எழுதியதற்கு ஏற்ப ஒரு பிசினையும் தேடிக்கொண்டோம்.

நம் பழைய சொல் இவறல். குறளில் அது இரண்டு விதமாக வருகிறது. 'ஈட்டம் இவறி' (1003) என்னும்போது, சேர்ப்பதை விரும்புவது. 'பற்றுள்ளம் என்னும் இவறன்மை' (438) என்னும்போது, கொடுக்க வேண்டிய இடத்தில் கொடாமல் பிடித்துக்கொள்வது. வடமொழி லோபத்துக்கும் இதே கதிதான்: அங்கே பேராசை, இங்கே உலோபி என்றால் கஞ்சன்.

உங்கள் பாட்டி 'எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான்' என்றும் சொல்லியிருப்பார். கையை வீசினால் பருக்கை சிதறி, அதைக் காக்கை தின்றுவிடுமாம்! வள்ளுவரும் இதற்கு வெகு அருகில் வந்திருக்கிறார். 'ஈர்ங்கை விதிரார் கயவர்' (1077). தாடையை உடைக்கக் கை மடக்கி வருபவனுக்குத் தவிர வேறு யாருக்கும், சாப்பிட்ட ஈரக்கையைக்கூட உதறமாட்டார்களாம். அதுவும் இந்தக் குறளைக் கயமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார், மனிதருக்கு எவ்வளவு கோபம் பாருங்கள்.

அந்தக் கையில் ஒட்டியிருந்த பருக்கையைத்தான் பட்டிமன்றப் பேச்சாளர் பிசின் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.