காஞ்சிவரம் பிரகாஷ்ராஜின் கை

கேள்வி: தேசிய விருது வாங்கிய நடிப்புகளில், உண்மையிலேயே அதற்குத் தகுந்தது என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்? ஏன்?

காஞ்சிவரம் படத்தில் பிரகாஷ்ராஜ். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது.

காரணம் என் பாட்டா. நாகர்கோவில் வடசேரியில் குழித்தறியில் வேட்டியும் நேரியலும் நெய்தவர். கண் மங்கி, தறியை விட்டு எழுந்த பிறகு வீட்டில் டிவிதான் துணை. அவர் படம் பார்க்கும் விதமே வேறு. யார் அழுதாலும், யார் வசனம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். "இவன் மண்வெட்டி பிடிச்சவனில்ல" என்று ஒரு வரியில் பெரிய பெரிய ஹீரோக்களைத் தள்ளிவிடுவார்.

பிரகாஷ்ராஜுக்கு விருது அறிவித்தது 2009 செப்டம்பரில். 2007-ஆம் ஆண்டுக்கான 55-ஆவது தேசிய விருதுகள் அவை. சிறந்த படமும் காஞ்சிவரம்தான், இயக்கம் பிரியதர்ஷன். நெசவாளி கதை என்று கேள்விப்பட்டதும் டிவிடி வாங்கி வந்து பாட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அன்று என்ன சொல்லித் தள்ளப்போகிறாரோ என்று எனக்குப் பயம்தான். பத்து நிமிடம் கழித்து, "கை நாடாவத் தேடல மக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாடா என்றால் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு தறியில் ஓடும் கட்டை. தறியில் வளர்ந்தவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று கண் பார்க்கத் தேவையில்லை, கைக்கே தெரியும். அந்தக் கையைப் பிரகாஷ்ராஜிடம் அவர் பார்த்துவிட்டார்.

படம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேங்கடம் பட்டு நெய்கிறவன், ஆனால் ஒரு பட்டுச் சேலை வாங்க அவனால் முடியாது. மகளுக்குக் கல்யாணத்தில் பட்டு உடுத்துவேன் என்று ஊர் கேட்க வாக்குக் கொடுத்துவிடுகிறான். அதற்காக வேலை செய்யும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்துவருகிறான். சோதனைக்கு நிற்கும்போது அந்த மூடிய வாயும், அசையாத தாடையும், எங்கும் நிலைகொள்ளாத கண்ணும்! ஒரு வார்த்தை பேசினால் வாழ்க்கை போய்விடும் என்பதை ஒரு நடிகர் வார்த்தையே இல்லாமல் காட்டுகிறார்.

அந்தக் காட்சியில் பாட்டா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அன்று புரியவில்லை. அப்புறம் ஆச்சிதான் சொன்னார்: பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், இழை அறுந்தால் பாட்டா நுனியை நாக்கில் தொட்டு, முறுக்கித்தான் சேர்ப்பாராம். அறுந்த நூலைச் சேர்க்கிற வாயிலேயே ஒருவன் நூலைத் திருடி ஒளிக்க வேண்டிவருகிறது என்றால், அதை ஒரு நெசவாளி எப்படி உட்கார்ந்து பார்ப்பார்?

இதற்காகத்தான் அந்த விருதை நான் இத்தனை பெரிதாக நினைக்கிறேன். இந்தப் பேச்சு வந்தாலே சிலர் எடை குறைத்ததையும் மேக்கப்பையும் கணக்குப் போடுகிறார்கள். அதில் உழைப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாத்திரத்தின் தொழில் நடிகரின் உடம்பில் இறங்கியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தச் சண்டை இரண்டு மொழியில் நடக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம், மலையாளப் படம் இங்கே பலருக்கும் வீட்டுப் படம் மாதிரி. 2010-ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருது ஆடுகளம் தனுஷுக்கும், ஆதாமின்டே மகன் அபு சலிம் குமாருக்கும் சேர்த்துக் கிடைத்தபோது மார்த்தாண்டத்தில் நண்பன் வீட்டுத் திண்ணையில் பெரிய வாக்குவாதம். தனுஷ் ரசிகர்களுக்குப் பங்கு போட்டதே பிடிக்கவில்லை. எனக்கு அது சரியான தீர்ப்பாகத்தான் பட்டது. சேவலைத் தனுஷ் தூக்கும் விதத்தையும், அத்தர் விற்கும் கிழவராகச் சலிம் குமார் தளர்ந்து நடப்பதையும் பாருங்கள், எதைக் குறைத்துச் சொல்வீர்கள்? அதுவரை நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த மனிதர் சலிம் குமார்.

காஞ்சிவரத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றைக் கேட்டால், அதுவும் நெசவாளிதான். நெய்த்துகாரன், 2001. முரளிக்கு அந்த ஆண்டின் தேசிய விருதைக் கொடுத்த மலையாளப் படம். கேரளத்தின் கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். இறந்த செய்தியைத் தாங்க முடியாத அப்பா மேஸ்திரி என்ற முதியவராக வருகிறார். நடித்தபோது முரளிக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை! வேங்கடமும் செங்கொடி பிடித்தவன், அப்பா மேஸ்திரியும் அப்படித்தான். ஆனால் வேங்கடம் மகளுக்காகத் தன் போராட்டத்தையே விட்டுக்கொடுக்கிறான், மேஸ்திரியோ கடைசி வரை பிடியை விடுவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் ஒரே தொழிலுக்கு இரண்டு நடிகர்கள் எவ்வளவு வேறு உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

காஞ்சிவரத்தின் கடைசிக் காட்சியை இங்கே எழுத மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள். நெய்து முடியாத ஒரு துண்டுப் பட்டு பிரகாஷ்ராஜ் கையில் இருக்கும். அப்போது முகத்தை விட்டுவிட்டு அந்தக் கையை மட்டும் பாருங்கள்.