வாசகர் கேள்விகள்: நாடி பிடிப்பவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?

கேள்வி: என் மாமியாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு சீன வைத்தியரைச் சொன்னார், வீட்டுக்கே வந்து ஊசி குத்துவாராம். சீனாவில் படித்ததாக ஒரு சான்றிதழைக் காட்டுகிறார், அதில் எங்களுக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. நம்பலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அந்தச் சான்றிதழை நீங்கள் படிக்கவே வேண்டாம். அவருடைய முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற பாரம்பரியச் சீன மருத்துவர்களின் பட்டியல் சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். பெயர் இருந்தால் அடுத்த பேச்சு. இல்லையென்றால் எவ்வளவு பெரிய கல்லூரியில் படித்தவராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் பதிவு இல்லாமல் இங்கே அந்தத் தொழிலைச் செய்வதே சட்டப்படி குற்றம்.

சிங்கப்பூரில் இதற்கான சட்டம் 2000ல் வந்தது, மறு ஆண்டு இந்த மருத்துவர்களைப் பதிவு செய்ய ஒரு வாரியம் அமைத்தார்கள். முதலில் ஊசி குத்தும் அக்குபங்சர் செய்பவர்களைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களுக்கு வந்தார்கள். அதுவரை யாரும் ஒன்றும் படிக்காமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தோங் சாய் மருத்துவ நிலையம் 1867லிருந்து இன, மத பேதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்துவருகிறது. 1953ல் இங்குள்ள சீன மருத்துவர்கள் தாங்களே ஒரு கல்லூரி தொடங்கிப் பாடம் நடத்தினார்கள். அக்கறையாகப் படித்தவர்களும் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள், நமக்குப் பிரித்துப் பார்க்க வழி இல்லை. அந்த வழியைத்தான் சட்டம் கொடுத்தது. இப்போது புதிதாக வருபவர் வாரியம் ஏற்றுக்கொண்ட படிப்பை முடித்து, எழுத்துத் தேர்விலும் நோயாளியை வைத்துச் செய்யும் தேர்விலும் தேற வேண்டும். தொழில் செய்வதற்கான சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். தவறு செய்தால் வாரியம் விசாரிக்கும், பதிவையே பறிக்கவும் முடியும். உங்கள் மாமியாருக்கு ஏதாவது ஆனால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

என் அம்மாவுக்குத் தோள்பட்டை வலி வந்தபோது இப்படிப் பெயரைச் சரிபார்த்துத்தான் ஒருவரிடம் கூட்டிப்போனேன். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நிதானமாக நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று போடுகிறேன் என்று அம்மா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரை அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார், எழுதியிருந்த சீட்டில் தாங்குய் என்ற வேரை அடித்துவிட்டார், அந்த மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்று விளக்கினார். ஊசிகளை எங்கள் கண்முன்னே உறை கிழித்து எடுத்தார், குத்தியது ஒன்பது, எடுக்கும்போதும் ஒன்பது எண்ணி பயன்படுத்திய ஊசிகளுக்கான டப்பாவில் போட்டு மூடினார். படிப்பு என்றால் எனக்கு அந்தப் பேனா கீழே போன நொடிதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்று. பேர் ஊர் எழுதாத பொடியோ உருண்டையோ கொடுத்து, இரண்டே நாளில் வலி சுத்தமாகப் பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டு என்ற ஆங்கில மருந்து கலந்த 'மூலிகை' மருந்துகளைப் பற்றி இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவை எச்சரித்திருக்கிறது. சீன மருத்துவர் ஆங்கில மருந்து கொடுக்கவே கூடாது.

கேள்வி: சீன மருத்துவர் கொடுக்கும் எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) எங்கள் கம்பெனியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். பதிவு பெற்றவர்தானே?
- வாசகர், ஜூரோங்

பதில்: பதிவு பெற்றவர்தான், ஆனாலும் வேலை நியமனச் சட்டப்படி அந்த எம்சியை ஏற்கும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. சில கம்பெனிகள் ஏற்கின்றன. வேலையில் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: மகள் ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) படிக்கிறாள், சீன மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். நம் பிள்ளைக்குச் சரிவருமா?
- வாசகர், பொங்கோல்

பதில்: ஏன் வராது? ஆனால் சீனம் நன்றாகத் தெரிய வேண்டும். பேசத் தெரிந்தால் போதாது, பழைய வைத்திய நூல்களின் சீனம் சீனாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே கஷ்டம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2005ல் தொடங்கிய இரட்டைப் பட்டப் படிப்பில் மூன்று வருடம் இங்கே உயிர்மருத்துவம், கடைசி இரண்டு வருடம் பெய்ஜிங் என்று இருந்தது. 2024லிருந்து நன்யாங்கிலேயே சீன மருத்துவத்துக்குத் தனிப் பட்டம் வந்துவிட்டது. பள்ளியில் மகள் சீனம் எடுத்திருந்தால் தைரியமாக விசாரியுங்கள். இல்லையென்றால் முதலில் மொழி, அப்புறம் மருத்துவம்.

கேள்வி: சீனர்களுக்கு இவ்வளவு செய்திருக்கிறார்களே, நம் சித்த மருத்துவத்துக்கு?
- வாசகர், செங்காங்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சிங்கப்பூரில் சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுக்கு இப்படி ஒரு பதிவேடு சட்டப்படி இல்லை. பாளையங்கோட்டையில் ஐந்தரை வருடம் பிஎஸ்எம்எஸ் என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துவிட்டு வந்தவரையும், தாத்தா சொல்லிக்கொடுத்தார் என்று லேகியம் விற்பவரையும் இங்கே ஒரே தட்டில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. இது படித்தவருக்குச் செய்யும் அநியாயம், நோயாளிக்கும்தான். எண்ணிக்கை குறைவு என்பார்கள். சரி, குறைவுதான். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் 2016ல் பாரம்பரிய மருத்துவச் சட்டம் கொண்டுவந்தபோது மலாய், சீன மருத்துவத்தோடு இந்திய மருத்துவத்தையும் சேர்த்தே எழுதினார்கள், அதில் சித்தமும் வருகிறது. அடுத்த முறை உங்கள் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போனால் இதைக் கேளுங்கள். நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன், மூன்றாவது தடவையும் போவேன்.